அமைச்சர் சொன்னால் மேற்கோள், கவிஞன் சொன்னால் கோஷமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இன்றைய கவிதை பற்றி வந்த கட்டுரையை மூன்று முறை படித்தேன். முதல் முறை வந்த கோபம் மூன்றாம் முறையும் குறையாததால் எழுதுகிறேன். சந்தையையும் உலகமயத்தையும் திட்டுபவை கோஷங்களே தவிரக் கவிதைகள் அல்ல, பொருளாதாரத்தை அது தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதே கவிதைக்கு நல்லது என்கிறார் கட்டுரையாளர். கவிதை மேல் என்ன கரிசனம்!

சரிங்க, விட்டுவிடுவோம். ஆனால் பொருளாதாரம் தெரிந்தவர்கள் இலக்கியத்தை விட மாட்டேன் என்கிறார்களே? 1991 ஜூலை 24 அன்று நாட்டின் கதவைத் திறந்துவிட்ட பட்ஜெட் உரையை அன்றைய நிதியமைச்சர் மன்மோகன் சிங் முடித்தது பிரெஞ்சு எழுத்தாளர் விக்தர் ஹ்யூகோவைச் சொல்லித்தான். 2019 ஜூலையில் நிர்மலா சீதாராமன், வரி வாங்கும் பக்குவத்தை விளக்கச் சங்கப் புலவர் பிசிராந்தையாரையே நாடாளுமன்றத்துக்கு அழைத்து வந்தார். அவர் பாடிய புறநானூறு 184 தாங்கள் அறியாததல்ல. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மாவுக்குக் குறைந்த நிலம்கூட யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கினால், நூறு வயல் இருந்தாலும் வாய்க்குப் போவதைவிடக் காலில் மிதிபடுவதுதான் அதிகம். அமைச்சர் சொன்னபோது எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அந்த யானை எங்கள் ஊரில் இறங்கியதைக் கவிஞன் எழுதினால் மட்டும் கோஷமாகிவிடுகிறது.

எங்கள் ஊர் திருப்பூர். 31 வருடம் பனியன் கம்பெனிகளில் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் இருந்தவன் நான். பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அனுப்பும் விலைச்சீட்டு பவுண்டிலோ யூரோவிலோ அச்சாகியே வரும். நாங்கள் அதைச் சட்டையில் தொங்கவிட்டுப் பெட்டி கட்ட வேண்டியதுதான். லேபிள் வைக்கும் அக்கா ஒருவருக்கு அப்போது டஜனுக்கு ஒன்றரை ரூபாய் கூலி. ஒரு நாள் அந்தச் சீட்டைக் காட்டி, "இது நம்ம காசுல எவ்வளவுங்க?" என்றார். கணக்குப் போட்டுச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டார். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று இன்றும் தோன்றும்.

இன்னொரு அம்மா, கம்பெனி கூட்டுகிறவர். புடவைக்கு மேல் ரிஜக்ட் ஆன டீசர்ட்டைப் போட்டிருந்தார். நெஞ்சில் பெரிய ஆங்கில எழுத்து. "இதென்னுங்க சார் எழுதியிருக்குது?" அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர்ப் பேருங்கம்மா என்றேன். "அந்த ஊர்க்காரங்க நம்மூர்ப் பேரப் போட்டுக்குவாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கட்பீஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பண்பாட்டு ஆதிக்கம் பற்றித் தங்கள் இதழ் பக்கம் பக்கமாகக் கட்டுரை போட்டிருக்கிறது. எனக்கு அந்த அம்மாவின் கேள்விதான் ஞாபகம் இருக்கிறது.

2005 ஜனவரியில், வெளிநாடுகள் நம் துணிக்கு வைத்திருந்த அளவுக் கட்டுப்பாடான கோட்டா ஒழிந்ததும் ஆர்டர் கொட்டும் என்று கடன் வாங்கி மெஷின் போட்டவர்களையும் பார்த்தேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் பஸ் ஏறியவர்களையும் பார்த்தேன். சாயக்கழிவு ஓடிய நொய்யல் ஆற்றைப் பற்றியும் அது தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றியும் எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

கட்டுரையாளர் சிலி நாட்டுக் கவிஞர் நெரூதாவை மட்டும் கையெடுத்துக் கும்பிடுகிறார். 1950-இல் வெளிவந்த அவருடைய 'யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி' என்ற கவிதை, ஓர் அமெரிக்கப் பழ வியாபாரக் கம்பெனியைப் பற்றியது, எப்படித் தொடங்குகிறது? கோக்கோ கோலாவுக்கும் ஃபோர்டுக்கும் கடவுள் பூமியைப் பங்கு பிரித்துக் கொடுப்பதில். சிலிக்காரர் எழுதினால் மகாகவிதை! 'கடவுளின் நிறுவனம்', 'திருடர்களின் சந்தை' என்று தொகுப்புகளுக்குப் பெயர் வைத்த நம் கவிஞர் யவனிகா ஸ்ரீராம் பெயர் அந்த நான்கு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. கவிஞர் இன்குலாபும் இல்லை. கோவையில் 1971-இல் தொடங்கிய வானம்பாடி கவிதை இயக்கத்தை ஒரே வரியில் தள்ளிவிட்டார். வானம்பாடிகள் எழுதியதில் பாதி கோஷம்தான், நானே ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியைக் கட்டுரையாளர் படித்திருக்கலாம்.

தங்கள் இதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சந்தா கட்டத் தொடங்கிய காலத்தில் கவிதைக்கு இரண்டு முழுப் பக்கம். பிறகு ஒரு பக்கம், பிறகு அரைப் பக்கம், இப்போது நகைக்கடை விளம்பரத்துக்கு அடியில் மிஞ்சிய இடம். கவிஞருக்குச் சன்மானம் ஓர் இலவசப் பிரதி. நான்கு வருடம் முன்பு இதைக் கேட்டு எழுதிய கடிதத்தில் தாங்கள் வெளியிட்டது 'இதழ் சிறப்பாக உள்ளது' என்ற ஒரே வரி. அதை நான் எழுதியது மரியாதைக்காக.

இந்தக் கட்டுரை வந்த அதே இதழில், 43-ஆம் பக்கத்தில், நூல் மில் விடுதியில் இருக்கும் பெண்ணைப் பற்றி ஒரு கவிதை வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வார்டன் எதிரில் நின்று அம்மாவிடம் போனில் பேசுகிறாள். என்ன பேசினாள் என்பது எங்களுக்குத் தெரியாது. கடைசி வரிகளின் மேல் ஆடித் தள்ளுபடி விளம்பரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கட்டுரைக்கு மறுப்புப் போடச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தக் கடைசி வரிகளை மட்டும் அடுத்த இதழில், ஏதாவது ஒரு மூலையில், வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.

பி.கு.: இதழின் மேல் ஒட்டிவரும் முகவரிச் சீட்டில் என் பெயருக்கு முன் 'திருமதி' என்று வருகிறது. நான்காவது முறையாகத் தெரிவிக்கிறேன்.