பெயர் கேட்காமல் விட்ட அம்மாவுக்கு நன்றி

பாளையங்கோட்டை ஊசிக் கோபுர ஆலயத்தில் போன ஞாயிறு மாலை ஆராதனை முடிந்தும் எழும்பாமல் இருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாவுக்கு நன்றி. துபாய் வேலைக்குப் போவதா, அப்பாவின் டயாலிசிஸுக்காக ஊரிலேயே இருப்பதா என்ற என் குழப்பத்தைப் பொறுமையாகக் கேட்டீர்கள். "போ" என்றோ "இரு" என்றோ சொல்லவில்லை. அதுதான் பெரிய உதவி; அறிவுரைக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை!

ஓரம் கிழிந்த வேதாகமத்தில் சங்கீதம் 143-ஐ எடுத்து, எட்டாம் வசனத்தில் விரல் வைத்தீர்கள். "வழியைக் காட்டும்னு ராத்திரி கேளு மக்கா. பதிலைக் காலையில எதிர்பார்த்துதான் தாவீதே ஜெபிக்காரு. இப்போ போய்த் தூங்கு."

தூங்கினேன். விடிந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டு, அப்பாவை யார் எந்த நாள் கூட்டிப்போவது என்று ஒருவழியாகப் பேசி முடித்தோம். இங்கேயே இருக்கிறேன்.

உங்கள் குடை ஆலயப் பணியாளரிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.