சார்ஜ் ஏறாத மூணு நாள்

மாப்ள,

ஏழு மாசமா ஒரு வரி போடாதவன் திடீர்னு இவ்ளோ நீளமா எழுதுறானேன்னு பாக்காத, காசு கேக்க இல்ல. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், சின்னவன் இப்ப ஜெர்மன்லயே சண்டை போடுறான், அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். சங்கு வீட்டுக் கல்யாண போட்டோ பாத்தேன். அந்த பெல்ட்டை இன்னும் விடலையாடா அவன்?

ரெண்டு வாரம் முன்னாடி எனக்குப் பித்தப்பைல கல்லுன்னு ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. எடுத்தாச்சு, இப்ப ஒண்ணுமில்ல, ஏன்டா சொல்லலன்னு ஆரம்பிக்காத. நான் சொல்ல வந்தது கல்லைப் பத்தி இல்ல, நான் உள்ள கெடந்த மூணு நாள்ல வீட்ல நடந்த கூத்தைப் பத்தி.

ஈவிசிசி, அதான் எலெக்ட்ரிக் காரை சோலார்ல சார்ஜ் பண்ற அந்த சாஃப்ட்வேர், அதைப் பத்தி உங்கிட்ட ஏற்கெனவே காது புளிக்கப் பேசிருக்கேன். கூரைல இருக்க 8 கிலோவாட் சோலார்ல வீடு தின்னது போக மிச்சம் எவ்ளோன்னு அரை நிமிஷத்துக்கு ஒருக்கா மீட்டரைப் பாத்து, அந்த மிச்சத்தை மட்டும் காருக்கு விடும். மிச்சத்தை வெளிய வித்தா யூனிட்டுக்கு 8 சென்ட் தர்றான், அதையே நான் வாங்குனா 32 சென்ட், அப்ப எவன் விப்பான் சொல்லு. ராஸ்பெரி பைங்குற பழைய குட்டி கம்ப்யூட்டர்ல, சாஃப்ட்வேரைத் தனி டப்பால ஓட்டுற டாக்கர் போட்டு, யாமல்ங்குற செட்டிங் ஃபைல்ல ஒரு ஸ்பேஸ் தள்ளிப் போனதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமைய முழுசா தொலைச்சு, சோலார் இன்வெர்ட்டர் மோட்பஸ்ங்குற அதோட பாஷைல ஒரு நேரத்துக்கு ஒருத்தன்கிட்டதான் பேசுவேன்னு அடம்பிடிச்சதுக்கு நடுவுல தரகனாட்டம் ஒரு ப்ராக்சி வச்சு, கடைசில பிரவுசர்ல 7070 போர்ட்ல அந்தப் பச்சை கிராஃப் வந்தப்ப நான் ஆடின ஆட்டம் உனக்குத் தெரியும், வீடியோ கால்ல நீ கொட்டாவி விட்ட.

ஜூலைல எல்லாம் ஜோரு. நவம்பர்லதான் வண்டவாளம் தெரிஞ்சுச்சு. எந்தக் காரும் 6 ஆம்பியருக்குக் கீழ சார்ஜ் எடுக்காது, அதுதான் ஸ்டாண்டர்டு. ஒரு ஃபேஸ்னா 1400 வாட்டாவது மிச்சம் வேணும், மூணு ஃபேஸ்னா 4100. இங்க ஸ்டுட்கார்ட் பக்கம் நவம்பர்ல பனிமூட்டம் போட்டா நாள் முழுக்க சேத்து 3 யூனிட் வந்தாலே பெருசு. நான் மோடை சோலார்லயே விட்டுட்டு, குறைஞ்சது இத்தனை பர்சன்ட் வரைக்கும் வெயில் இல்லாட்டியும் ஏத்துன்னு சொல்ற செட்டிங்கை பூஜ்யத்துல வச்சிருந்தேன். கஞ்சத்தனம்தான். தினமும் ராத்திரி நானே போன்ல ஃபாஸ்ட்னு மாத்தி ஏத்திக்குவேன், அது ஒரு பெருமை வேற.

நான் ஆஸ்பத்திரிக்கு உள்ள போன மறுநாள் ராஸ்பெரி பையோட எஸ்டி கார்டு செத்துருச்சு. ஈவிசிசி கடைசியா வால்பாக்ஸுக்கு, அதான் செவுத்துல மாட்டிருக்க சார்ஜருக்கு, சொன்னது 'நிறுத்து', அது பாட்டுக்கு நிறுத்திட்டு உக்காந்துருச்சு. கார்ல 11 பர்சன்ட். உன் தங்கச்சி பிளக்கை எடுத்து எடுத்து சொருகிருக்கா, போன்ல ஈவிசிசி பேஜ் தொறக்கல, ராஸ்பெரி பையைப் பிடுங்கி மாட்டிருக்கா, அது எந்திரிக்கவே இல்ல. எனக்குக் கூப்பிட்டா நான் மயக்க மருந்துல. மறுநாள் அவளுக்குக் காலை ஷிஃப்ட், அஞ்சு மணிக்கு இருட்டுல அந்தக் குளிர்ல பப்ளிக் சார்ஜர்ல நின்னு ஏதோ ஒரு ஆப்பை இறக்கி கார்டு நம்பர் அடிச்சு, சின்னவனைப் பின்னாடி போர்வையோட தூங்க வச்சுட்டு நாப்பது நிமிஷம். மூணு நாளும் என்னைப் பாக்க வந்தப்ப இதுல ஒரு வார்த்தை சொல்லல. வீட்டுக்கு வந்தப்புறம் நானா கேட்டதும், "உங்க சர்வர்ங்க, எனக்கென்ன தெரியும்"னு மட்டும் சொன்னா. கோவமா சொல்லிருந்தா பரவால்லடா.

உங்கப்பா ஞாபகம்தான் வந்துச்சு. மூணு ஃபேஸ் எப்ப வருதுன்னு ராத்திரி முழிச்சுக் கெடந்து ஓடுவாரே, அந்த ஸ்டார்ட்டர்ல எங்க குச்சி சொருகணும்னு அவருக்கு மட்டும்தான தெரியும். அவர் மதுரைக்குப் போன வாரம் கெணத்துல தண்ணி கெடந்தும் வாழை காஞ்சு நின்னுச்சு, உங்கம்மா மோட்டார் ரூம் வாசல்ல அழுதுக்கிட்டு நின்னாங்க, நம்ம ரெண்டு பேரும் அப்ப சிரிச்சோம்.

இப்ப ராஸ்பெரி பையைத் தூக்கிக் கடாசிட்டேன். எஸ்எஸ்டி உள்ள பழைய மினி பிசி, டெபியன் லினக்ஸ், நேரா ஆப்ட் கமாண்டுல இன்ஸ்டால், டாக்கர் கெடையாது. கான்ஃபிக் எல்லாம் இப்ப பிரவுசர்லயே பண்ணிக்கலாம், யாமல் சனியன் ஒழிஞ்சுது. ரவுட்டர்ல வால்பாக்ஸ் ஐபிய ஃபிக்ஸ் பண்ணிட்டேன், டேட்டாபேஸ் ஃபைல் தினமும் ராத்திரி நாஸ்ங்குற பேக்கப் பொட்டிக்கு காப்பி ஆகுது, அந்த பூஜ்யத்தை 40 ஆக்கிட்டேன். வால்பாக்ஸ் பக்கத்துல தமிழ்ல ஒரு பேப்பர் ஒட்டிருக்கேன்: பேஜ் வரலன்னா வால்பாக்ஸோட சொந்த ஆப்பைத் தொற, இந்தப் பட்டனை அமுக்கு, காசு போனா போகட்டும். நேத்து அவளையே செய்யச் சொல்லிப் பாத்தேன். ரெண்டாவது வரில தடுக்குனா, 'சொந்த ஆப்'னா எதுன்னு கேட்டா, ஐகானைப் படமா வரைஞ்சேன்.

உங்கிட்ட கேக்குறது ஒண்ணுதான். எனக்கு எதாவது ஆச்சுன்னா இதை நோண்டத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். அங்கருந்தே எங்க வீட்டு நெட்வொர்க்குக்குள்ள வர்றதுக்கு உனக்கு வயர்கார்டுல ஒரு சாவி போட்டுத் தர்றேன், சும்மா மாசத்துக்கு ஒருக்கா உள்ள வந்து பாரு, அப்டேட் வந்தா உடனே போட்டுத் தொலைக்காத. அவ கூப்பிட்டா ராத்திரி ரெண்டு மணின்னாலும் எடுத்துரு. சனிக்கிழமை உன் டைம் நாலு மணிக்குக் கூப்பிடறேன், லேப்டாப்போட உக்காரு, இந்தத் தடவை கொட்டாவி விடாத.

அம்மாவைக் கேட்டதா சொல்லு.