முன்னுரிமை மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சரக்கு ரயிலை ஓரங்கட்டிவிட்டுப் பயணிகள் ரயிலை முதலில் விட்டாலே தாமதம் தீர்ந்துவிடும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். தீராது. அமெரிக்காவில் பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்ற சட்டம் 1973-லிருந்தே இருக்கிறது. ஆனால் அங்கே பயணிகள் ரயில்களை நடத்தும் ஆம்ட்ராக் நிறுவனத்தின் ரயில்கள் ஓடும் தூரத்தில் பெரும்பகுதி சரக்கு ரயில் கம்பெனிகளுக்குச் சொந்தமான பாதை, எந்த வண்டியை எப்போது விடுவது என்று அங்கே முடிவெடுப்பதும் அந்தக் கம்பெனிகளின் ஆட்கள்தான். நியூயார்க்கிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகும் ரயிலின் தாமதத்துக்காக 2024-ல் நார்ஃபோக் சதர்ன் என்ற சரக்கு ரயில் கம்பெனி மீது அரசே வழக்குப் போடவேண்டி வந்தது.

உண்மையான தலைவலி வேக வித்தியாசம். 60 கிலோமீட்டர் பாதையில் சரக்கு ரயில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது, பயணிகள் ரயில் 120-ல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒதுங்க இடம் இல்லையென்றால், சரக்கு ரயில் கிளம்பி அரை மணி நேரம், அதற்குமேல் பாதுகாப்பு இடைவெளி ஒரு 5 நிமிடம் கழித்துத்தான் பயணிகள் ரயிலை விடமுடியும். எல்லாமே ஒரே வேகத்தில் போனால் அந்த 35 நிமிடத்துக்குள் இன்னும் 6 வண்டிகளை விட்டிருக்கலாம்!

சரி, மெயின் லைனுக்குப் பக்கத்தில் வண்டி ஒதுங்கி நிற்கப் போட்டிருக்கும் லூப் லைனில் ஒதுக்கலாமே என்பீர்கள். வண்டி அதில் அடங்கவேண்டுமே! அமெரிக்காவில் சில சரக்கு ரயில்கள் 3 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், பல லூப்கள் அதைவிடச் சின்னவை, அதனால் சட்டம் என்ன சொன்னாலும் பயணிகள் ரயில்தான் ஒதுங்கி நிற்கிறது. அடங்கினாலும், ஆயிரக்கணக்கான டன் சுமையோடு நின்ற வண்டி மறுபடி வேகம் பிடிக்க நேரமாகும், அப்படி நிறுத்தி நிறுத்தி விட்டால் ஓட்டுநரின் 12 மணி நேர வேலை வரம்பு வழியிலேயே முடிந்துவிடும். மாற்று ஆள் வந்து சேரும்வரை அந்த வண்டி மெயின் லைனில் நின்றால் பின்னால் வரும் பயணிகள் ரயிலும் சேர்ந்து நிற்கவேண்டியதுதான்.

சரக்கு ரயிலுக்கும் கால அட்டவணை வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. சுமை ஏறியதும் கிளம்பு, வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற வரைக்கும் யாருக்கு முன்னுரிமை கொடுத்தும் பயனில்லை. சுவிட்சர்லாந்தில் 2016-ல் திறந்த 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கத்தில் இரண்டு வகை வண்டிகளும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. ஒரு திசையில் மணிக்கு 6 சரக்கு ரயில், 2 பயணிகள் ரயில் என்று முன்கூட்டியே இடம் ஒதுக்கித்தான் அதைத் திட்டமிட்டார்கள். சரக்குக்குத் தனிப்பாதை போடுவது நல்லதுதான், ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்காகும். லூப்பை நீட்டுவதும், லூப்பில் அடங்காத வண்டியை ஒற்றைப் பாதையில் விடாமல் இருப்பதும் அதற்கு முன்பே செய்யக்கூடியவை. அடுத்த முறை தாமதத்தைப் பற்றி எழுதும்போது இதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்