அது ஆராய்ச்சியே இல்லை என்றாயே

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து போடக் கூப்பிட்டால்தான் சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்கிறார். மற்றபடி இங்கே எல்லோரும் நலம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் பேசும்போது கைடு உன்னைக் கல்வியியல் துறைக்காரர்களோடு சேர்த்து ஒரு புராஜெக்டில் போட்டுவிட்டார் என்று சலித்துக்கொண்டாய். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு சர்க்யூட் சொல்லித்தருகிற மென்பொருளாம், அதைத் திரையிலும் ஆய்வகத்திலும் பயன்படுத்துவார்களாம். "அது ஆராய்ச்சியே இல்லைம்மா, என் நேரம்தான் வீண்" என்றாய். காலமெல்லாம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவளிடம்தான் இதைச் சொல்கிறோம் என்று உனக்குத் தோன்றவில்லை போல. கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் உறைத்தது, அவ்வளவுதான்.

நீ இருக்கும் ஊரிலிருந்து காரில் போய்விடுகிற தூரத்தில்தான் அர்பானா இருக்கிறது. அங்கே இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இல்லியாக் என்று ஒரு கணினி இருந்தது. 1952-ல் அவர்களே கட்டியது. சுமார் 2,800 வெற்றிடக் குழாய்கள், ஐந்து டன் எடை. அதை வைத்துப் பாடம் நடத்தினால் என்ன என்று கேட்டவர் சால்மர்ஸ் ஷெர்வின் என்ற இயற்பியலாளர். அங்கே இருந்த ஓர் ஆய்வகத்தின் இயக்குநர் டேனியல் ஆல்பெர்ட் பொறியாளர், கணிதக்காரர், உளவியலாளர், கல்வியாளர் என்று எல்லோரையும் கூட்டி ஒரு குழு போட்டார். குழு பேசியது, பேசிக்கொண்டே இருந்தது. ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் டொனால்ட் பிட்ஸர் என்ற 26 வயதுப் பையன், மின் பொறியியலில் அப்போதுதான் டாக்டர் பட்டம் வாங்கியவர், நான் ஒன்றைச் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினார். 1960-ல் பிளேட்டோ என்ற, கணினி வழியாகப் பாடம் நடத்தும் அமைப்பு பிறந்தது அப்படித்தான். ஒரு டிவி பெட்டி, சில விசைகள், எதிரே ஒரே ஒரு மாணவர். அடுத்த வருஷம் ஒரே நேரத்தில் இரண்டு பேர்.

இனிமேல் வருவதுதான் உனக்காக. சாதாரண டிவி திரை தானாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. படம் அழியாமல் நிற்க வேண்டுமென்றால் நொடிக்குப் பல தடவை திரும்ப வரைந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குப் படத்தை எங்கேயாவது சேமித்து வைக்க வேண்டும். அன்றைக்கு நினைவகம் யானை விலை. ஆயிரம் மாணவர்களுக்கு ஆயிரம் திரை என்றால் கட்டுப்படியே ஆகாது. அப்போது பிட்ஸருக்கும் அவரோடு இருந்த ஜீன் ஸ்லாட்டோவுக்கும் ஒரு கேள்வி வந்தது: திரையே தன்னை நினைவில் வைத்துக்கொண்டால்?

நீ பிளாஸ்மாவைப் பாடமாகப் படித்தவன், ஆனாலும் நான் சொல்கிறேன், வாத்தியாரம்மா பழக்கம் போகுமா. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் மெல்லிய இடைவெளியில் நியான் வாயு. ஒரு தகட்டில் நெடுக்கே மின்கம்பிகள், இன்னொன்றில் குறுக்கே. கம்பிகள் வாயுவைத் தொடாது, நடுவே மின்கடத்தாப் பூச்சு இருக்கும். கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே மாறுமின்னழுத்தம் போய்க்கொண்டே இருக்கும், ஆனால் அது தானாக வாயுவைப் பற்றவைக்கப் போதாது. ஒரு புள்ளியில் மட்டும் ஒரு துடிப்பைக் கூடுதலாகக் கொடுத்துப் பற்றவைத்தால், அந்த இடத்துச் சுவரில் மின்னூட்டம் படிந்துவிடும். அடுத்த அரைச் சுற்றில் மின்னழுத்தம் திசை மாறி வரும்போது, படிந்த மின்னூட்டமும் அதோடு கூடிக்கொள்ள, அந்தப் புள்ளி மறுபடி எரியும். பற்றாத புள்ளியில் கூடுவதற்கு ஒன்றும் இல்லை, அது இருட்டாகவே இருக்கும். ஆக எரிவது எரிந்துகொண்டே இருக்கும், அணைந்தது அணைந்தே இருக்கும். தனி நினைவகம் வேண்டாம். எனக்கு முதலில் படித்தபோது எழுந்து கைதட்டலாம் போல இருந்தது. மின்தேக்கிப் பாடத்தில் நாம் போர்டில் போடுகிற அதே மின்னூட்டம்தானே!

இது 1964. அதைச் செய்துகாட்டிய மூன்றாவது ஆள் ராபர்ட் வில்சன், உன்னைப் போல ஓர் ஆராய்ச்சி மாணவர். அந்தப் பேனல்தான் அவருடைய டாக்டர் பட்ட ஆய்வேடு. பாடம் நடத்துகிற பெட்டிக்காகத் தொடங்கிய வேலை ஒருவருக்கு மின் பொறியியலில் பட்டம் வாங்கித் தந்திருக்கிறது. இதை உன் கைடிடம் சொல்ல வேண்டாம், அவருக்குத் தெரிந்திருக்கும்.

1972-ல் வந்த பிளேட்டோவின் நான்காம் வடிவத்தில் அந்தத் திரை 512-க்கு 512 புள்ளிகளோடு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அதன் மேல் அகச்சிவப்புக் கதிர்களால் 16-க்கு 16 கட்டங்கள், விரல் வைத்த இடம் எது என்று கணினிக்குத் தெரியும். டச் ஸ்கிரீன், 1972-ல்! ஆசிரியர்களே பாடம் எழுதுவதற்காக டியூட்டர் என்ற மொழியை 1967-ல் உருவாக்கியவர் பால் டென்சார் என்ற உயிரியல் மாணவர். 1973-ல் டேவிட் வுல்லி என்ற 17 வயதுப் பையன் எழுதிய நோட்ஸ் என்ற நிரலில் ஆட்கள் செய்தி போட்டு, பதில் போட்டு, சண்டையும் போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் இல்லினாயிலேயே படித்த லாரி வெபர் போன்றவர்கள் அந்தப் பேனலைப் பல வருஷம் செதுக்கினார்கள். உன் மாமா கடன் வாங்கி ஹாலில் மாட்டினாரே ஒரு பிளாஸ்மா டிவி, அதன் மூதாதை இதுதான். 2002-ல் பிட்ஸர், ஸ்லாட்டோ, வில்சன் மூன்று பேருக்கும் இதற்காக எம்மி விருது கொடுத்தார்கள். வகுப்பறைக்காகச் செய்ததற்கு டிவிக்காரர்கள் விருது!

ஆக, கல்வி என்று வந்தால் ஆழமான பொறியியல் இருக்காது என்பது சரியில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதைச் சொல்ல மட்டும் இல்லை.

பிளேட்டோவால் பிள்ளைகள் படித்தார்களா? அந்தக் கேள்விக்கு 1970-களில் இடிஎஸ் என்ற தேர்வு நிறுவனம், நீ ஜிஆர்இ எழுதினாயே அதை நடத்துகிறவர்கள்தான், இல்லினாயின் சமூகக் கல்லூரிகளில் போய் அளந்து பார்த்தது. மாணவர்களுக்குப் பிடித்திருந்தது, ஆசிரியர்களுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அங்கே தேர்ச்சியிலோ, பாதியில் நின்றுபோகிறவர்கள் எண்ணிக்கையிலோ நிலையான வேறுபாடு எதுவும் தெரியவில்லை. தொடக்கப்பள்ளிக் கணக்கில் நல்ல பலன் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஓரவஞ்சனை. கண்ணாடிக்குள் வாயு எந்த வோல்ட்டில் பற்றுகிறது என்பதை அத்தனை நுணுக்கமாக அளந்தவர்களின் அமைப்பில், எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு என்ன புரிந்தது என்பதை முறையாக அளக்க, தொடங்கிப் பல வருஷம் கழித்து வெளியாட்கள் வரவேண்டியிருந்தது. எனக்கு இது ஆறவில்லை.

இதற்கு நேர் எதிராக நடந்தவர் ஹார்வர்டில் இருக்கும் எரிக் மசூர். பயன்பாட்டு இயற்பியல் பேராசிரியர், லேசர்தான் அவருடைய ஆராய்ச்சி. நன்றாகப் பாடம் எடுப்பவர் என்று பெயர். அரிசோனாவில் ஹாலூனும் ஹெஸ்டெனஸும் எழுதிய கட்டுரையை 1990 வாக்கில் படித்தார். பாடம் முடித்த மாணவர்களுக்கும் விசையைப் பற்றிய அடிப்படை எண்ணம் மாறுவதே இல்லை என்று அதில் இருந்தது. என் மாணவர்கள் அப்படி இல்லை என்று நினைத்து அவர்களுக்கே அந்தக் கேள்விகளைக் கொடுத்தார். ஒரு பெண் கேட்டாளாம்: நீங்கள் சொல்லித் தந்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா? விடைத்தாளைப் பார்த்தபோது ஹார்வர்டும் தப்பவில்லை என்று தெரிந்தது.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை, தம்பி. மேலே வீசிய கல் கையை விட்டுப் போன பிறகு, காற்றுத் தடையை விட்டுவிட்டால், அதன் மேல் செயல்படும் விசைகளைப் படம் போட்டுக் காட்டு என்று என் பிள்ளைகளிடம் கேட்பேன். நியூட்டன் விதியை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவளும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுவாள், கீழ்நோக்கிய புவியீர்ப்பு மட்டும்தான் இருக்கிறது என்றாலும். ஏன் என்று கேட்டால், "கல்லு மேலதானே டீச்சர் போகுது?" சதம் எடுப்பவளும் அதையே போடுவாள். பரிட்சைக்கு ஒரு மூளை, வாழ்க்கைக்கு ஒரு மூளை. மசூர் 1991-லிருந்து சொற்பொழிவைக் குறைத்துவிட்டு, வகுப்பில் ஒரு கேள்வி கேட்பது, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுவது, மறுபடி கேட்பது என்று மாற்றிக்கொண்டார். முக்கியமானது, ஒவ்வொரு வருஷமும் அளந்தார்.

அளப்பதற்கு ஒரு கருவியும் இருந்தது. 1992-ல் ஹெஸ்டெனஸும் மற்றவர்களும் வெளியிட்ட விசைக் கருத்துச் சோதனையைப் பாடத்துக்கு முன்னும் பின்னும் கொடுக்கலாம். நூற்றுக்கு 40 மதிப்பெண்ணோடு வந்தவருக்கு ஏற இன்னும் 60 இருக்கிறது, அதில் 30 ஏறினால் 0.5. ரிச்சர்ட் ஹேக் என்பவர் 62 வகுப்புகளின் கணக்கை, ஆறாயிரத்துக்கு மேல் மாணவர்கள், இப்படிச் சேர்த்து 1998-ல் வெளியிட்டார். சொற்பொழிவு வகுப்புகளில் சராசரி 0.23. மாணவர்களைப் பேசவும் யோசிக்கவும் வைத்த வகுப்புகளில் 0.48. எந்த ஆசிரியர் கெட்டிக்காரர் என்பதெல்லாம் இதற்குள் கரைந்துபோகிறது.

உன் சர்க்யூட்டுக்கே வருகிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் என்ற இயற்பியலாளர் ரூபிடியம் அணுக்களைக் கடுங்குளிரில் ஒடுக்கி 2001-ல் நோபல் வாங்கினார். அடுத்த வருஷமே ஃபெட் என்ற, கணினித் திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் பாவனைப் பாடங்களைத் தொடங்கினார். எங்கள் பள்ளி ஹைடெக் லேபில் நானும் அதில் பேட்டரி, பல்பு இணைக்க வைத்திருக்கிறேன். அவர்கள் 2005-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதி மாணவர்களுக்கு உண்மையான கம்பியும் பல்பும், இன்னொரு பகுதிக்குத் திரையில் மட்டும். அப்புறம் எல்லோரையும் உண்மையான சர்க்யூட் கட்டி விளக்கச் சொன்னார்கள். திரையில் படித்தவர்கள்தான் முந்தினார்கள். நான் பந்தயம் கட்டியிருந்தால் கம்பிப் பக்கம்தான் கட்டியிருப்பேன். திரையில் எலக்ட்ரான் ஓடுவது தெரிகிறது, ஆட்டம் காணும் இணைப்பு தொந்தரவு செய்வதில்லை, அதனால் இருக்கலாம். ஊகத்தால் இது தெரியாது, அளந்தால்தான் தெரியும். இதை நீ ஆராய்ச்சி இல்லை என்பாயா?

சரி, நான் சொல்ல வந்தது இதுதான். அந்த வேலையை ஒத்துக்கொள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. மென்பொருளில் ஒரு வரி எழுதும் முன், என்ன அளக்கப் போகிறீர்கள் என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். பிள்ளைகளுக்கு முன்சோதனை செமஸ்டர் தொடங்கும் வாரத்தில்தான் வைக்க முடியும், விட்டால் திரும்பக் கிடைக்காது. மனிதர்களை வைத்துச் செய்வதால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும், இப்போதே விண்ணப்பியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வழக்கமான முறையில் படிக்கும் ஒரு பிரிவும் வேண்டும். "பிடித்திருந்ததா" என்ற கருத்துப் படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதிவிடாதீர்கள். ஹார்வர்டிலேயே 2019-ல் பார்த்திருக்கிறார்கள், மாணவர்களைப் பேசவும் யோசிக்கவும் வைத்த வகுப்பில் அதிகம் கற்றவர்களே குறைவாகக் கற்றதாக நினைத்திருக்கிறார்கள். கல்வியியல் துறைக்காரர்களில் ஒருவரை உன் ஆய்வுக் குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேள். அவர்களுக்கு சாலிடரிங் தெரியாது என்று சிரித்தாயே, கேள்வித்தாள் தயாரிப்பது உனக்குத் தெரியுமா?

அளக்கவெல்லாம் நேரமில்லை, டெமோ காட்டினால் போதும், நிதி கொடுத்தவர்கள் வந்து பார்ப்பார்கள் என்று கைடு சொன்னால், அப்போது நீ சொன்னதே சரி. பணிவாக விலகிக்கொள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அந்த முன்சோதனைக் கேள்விகளை எனக்கு அனுப்பு, விடை குறிக்காமல். பேட்டரி தீர்ந்தால் மின்னோட்டத்தை பல்பு தின்றுவிட்டது என்று நினைக்கிற பிள்ளைகளுக்காக ஒரு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பா தூங்கப் போவதற்கு முன்.

அன்புடன்,
அம்மா