வைப்ராஃபோனுக்கு ஓர் இடம் கொடுங்கள்: பிளேலிஸ்ட் தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். மாதச் சந்தா கட்டிப் பாட்டு கேட்கும் ஆள் நான். உங்கள் சேவையில் வைப்ராஃபோன் (குச்சிகளால் தட்டி வாசிக்கும் உலோகக் கட்டை வாத்தியம்) வாசித்த கால் ட்ஜேடரைத் தேடினால், அவருடைய இசை 'ரிலாக்ஸ்', 'காக்டெய்ல் நேரம்' மாதிரியான பட்டியல்களில்தான் கிடைக்கிறது. 'லத்தீன் ஜாஸ்' (லத்தீன் அமெரிக்கத் தாளங்களோடு கலந்த ஜாஸ்) என்று பெயர் போட்ட பட்டியலைத் திறந்தால் வரிசையாக ட்ரம்பெட், சாக்ஸபோன், பியானோ. வைப்ராஃபோனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மென்மையாக ஒலிக்கிறது என்பதற்காக அதை ஓட்டல் வரவேற்பறைக்கு அனுப்பிவிட்டீர்கள் போல.

லத்தீன் இசைக்குழுத் தலைவர் டிட்டோ புவென்ட்டே என்றதும் எல்லோருக்கும் குச்சியால் அடிக்கும் ஜோடி முரசான டிம்பாலேதான் ஞாபகம் வரும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையில் இருந்துவிட்டு வந்து ஜூலியார்டில் படித்த மனிதர், நியூயார்க்கில் மாம்போ என்ற கியூப நடன இசை வாசித்த தன் குழுவில் வைப்ராஃபோனும் வாசித்தார். அது ஆட்டக்காரர்கள் வியர்க்க வியர்க்க ஆடிய இசை.

1953இல் பியானோ கலைஞர் ஜார்ஜ் ஷியரிங் குழுவில் சேர்ந்த ட்ஜேடருக்கு அங்கே பாஸ் வாசித்த அல் மக்கிபன்தான் இந்த லத்தீன் இசைப் பித்தைப் பிடிக்க வைத்தார். நியூயார்க்கில் புவென்ட்டேயையும் இன்னொரு லத்தீன் இசைக்குழுத் தலைவரான மச்சீட்டோவையும் நேரில் கேட்டவர், 1954இல் சான் பிரான்சிஸ்கோவில் சொந்தமாக ஒரு மாம்போ குழுவையே தொடங்கிவிட்டார். ஸ்வீடிஷ் வம்சாவளிக்காரர், அதற்கு முன் டேவ் புருபெக்கின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அந்த டிரம்ஸ்காரரின் கை வைப்ராஃபோனிலும் கேட்கும்.

வாத்தியத்தின் அமைப்பே இந்த இசைக்குத் தோதானது. அலுமினியக் கட்டைகள், அவற்றின் கீழே குழாய்கள், காலடியில் ஒரு பெடல். பெடலை மிதித்தால் ஸ்வரம் நின்று ஒலிக்கும். காலை எடுத்தால் சட்டென்று அடங்கும். கையால் அடிக்கும் முரசுகளான காங்காவும் பாங்கோவும் அடித்த மறுகணமே அடங்கிவிடுபவை. அவற்றுக்கு நடுவே வைப்ராஃபோன்காரர் காலை எடுத்துவிட்டு வெட்டி வெட்டி வாசித்தால் அவரும் தாளக்காரர்களில் ஒருவர். பெடலை மிதித்தால் அதே கை பாடகராகிவிடும். பியானோ திரும்பத் திரும்பச் சுற்றும் மொந்தூனோ என்ற சிறு இசைத்தொடருக்கு மேலே அந்த நீளமான ஸ்வரம் மிதக்கும்போது, கீழே கிளாவே என்ற அடிப்படைத் தாளத்தின் கணக்கு இன்னும் துல்லியமாகக் கேட்கும். நாலு ட்ரம்பெட் சேர்ந்து முழங்கினால் இது கிடைக்காது.

நியூயார்க் இசைக்குழுத் தலைவர் ஜோ கூபா இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். அவருடைய ஆறு பேர் குழுவில் பித்தளை வாத்தியமே கிடையாது. அந்த இடத்தில் டாமி பெரியோஸின் வைப்ராஃபோன். சம்பளக் கணக்கும் இதில் இருந்திருக்கலாம், ஆனால் விளைந்தது ஒரு புதுச் சத்தம். 1966இல் அவர்களுடைய 'பாங் பாங்' பாட்டு சக்கைப்போடு போட்டது. உங்கள் பக்கத்தில் பெரியோஸின் பெயர் எங்கும் இல்லை.

அப்புறம் 'ஆஃப்ரோ ப்ளூ' என்ற மெட்டு. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1963இல் வாசித்ததை எல்லாப் பட்டியலிலும் வைத்திருக்கிறீர்கள், நல்லது. அதை இயற்றிய காங்கா கலைஞர் மோங்கோ சாண்டாமரியா 1959இல் கலிபோர்னியாவின் கார்மெலில் நடந்த கச்சேரியில் ட்ஜேடர் குழுவில் இருந்தார். அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவில் அந்த இசை இருக்கிறது. புவென்ட்டேயிடமிருந்து மோங்கோவும் இன்னொரு தாளக்காரரான வில்லி போபோவும் கிளம்பி வந்து சேர்ந்த குழு அது! இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

நீங்கள் காக்டெய்லில் கலந்துவிட்ட ட்ஜேடரின் 'சோல் சாஸ்' கூட ஹவானாவிலிருந்து வந்த காங்கா மேதை சானோ போசோவும் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் போட்ட பழைய மெட்டுதான். அதை அங்கே வைக்க யாருக்கு மனசு வந்தது?

சரி, ட்ஜேடரிடம் மந்தமான ஆல்பங்களும் உண்டு. அவற்றை வரவேற்பறைக்கே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. 1979இல் பதிவான 'லா ஓண்டா வா பியென்' அப்படிப்பட்டதல்ல. அவருக்கு கிராமி இசை விருது வாங்கித் தந்த ஆல்பம். வைப்ராஃபோன்காரர் டேவ் சாமுவேல்ஸின் கரிபியன் ஜாஸ் ப்ராஜெக்ட் குழு 2003இல் கிராமி வாங்கியது லத்தீன் ஜாஸ் பிரிவில்தான். நீங்கள் மட்டும் ஏன் வேறு அறைக்கு அனுப்புகிறீர்கள்?

லத்தீன் ஜாஸ் பட்டியலில் இவர்களைச் சேருங்கள். யார் எதை வாசித்தார் என்று பாட்டின் கீழே போடுங்கள். தயவுசெய்து, 'சோல் சாஸ்' முடிந்ததும் தூங்குவதற்கான மழைச் சத்தத்தைத் தானாக ஓட விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரர்