சி.ஆர். மாத்திரை கேட்டதற்குச் சாதா மாத்திரை, அதுவும் ஒன்பது நாள் கழித்து

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு, வணக்கம்.

உங்கள் மருந்து ஆப்பின் சாட்டில் நான்கு முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி வரும், அப்புறம் புகாரை மூடிவிடுவீர்கள். அதனால் மொத்தத்தையும் இங்கே எழுதுகிறேன், யாராவது ஒரு மனிதர் கடைசி வரை படியுங்கள்.

என் அம்மாவுக்கு 67 வயது. இடது கன்னத்தில் முக நரம்பு வலி. பல் துலக்கினால், ஃபேன் காற்று பட்டால், ஒரு வாய் தோசையை மென்றால் கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்று இழுக்கும். பல்வலி என்று நினைத்து இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கிய பிறகுதான் மதுரையில் நரம்பு டாக்டர் கண்டுபிடித்து, கார்பமாசெபின் 200 சி.ஆர். (மெதுவாகக் கரையும் வகை) காலையும் இரவும் ஒவ்வொன்று என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தார். அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு மெடிக்கலில் இந்த சி.ஆர். ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது, அதனால்தான் உங்கள் ஆப்புக்கு வந்தேன்.

போன மாதம் 6ஆம் தேதி, கையில் இன்னும் பத்து நாள் மாத்திரை இருக்கும்போதே சீட்டைப் படம் எடுத்துப் போட்டு ஆர்டர் செய்தேன். மூன்று நாள் "சரிபார்க்கிறோம்". 9ஆம் தேதி உங்கள் டாக்டர் என்று ஒருவர் போனில் வந்தார். பெயர் சொல்லவில்லை, பதிவு எண்ணும் சொல்லவில்லை. "அம்மாவுக்கு ஃபிட்ஸ் வருமா?" என்றார். இல்லை சார், முக நரம்பு வலி என்றேன். "இது ஃபிட்ஸ் மாத்திரை, சீட்டில் இருப்பது பொருந்தவில்லை" என்று வைத்துவிட்டார். ஆர்டர் ரத்து. அமெரிக்காவில் இந்த மருந்துக்கு 1968இல் முதலில் அனுமதி கிடைத்ததே முக நரம்பு வலிக்குத்தான், வலிப்புக்கு 1974இல்தான் கொடுத்தார்கள். இது தெரியாதவரை எதற்குச் சீட்டு பார்க்க உட்கார வைத்திருக்கிறீர்கள்?

மறுநாள் திரும்ப ஆர்டர் போட்டு, கஸ்டமர் கேரில் கெஞ்சி, 15ஆம் தேதி பெட்டி வந்தது. அட்டை வேறு மாதிரி இருந்தது, கம்பெனி மாறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். சி.ஆர். என்ற இரண்டெழுத்து இல்லாததைக் கவனிக்காதது என் தப்பும்தான். ஆனால் மாற்றியவர்கள் நீங்கள், ஒரு போன் கூட இல்லை.

சாதா மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் அம்மாவுக்குத் தலை சுற்றல், எதிரில் நிற்கும் நான் இரண்டாகத் தெரிகிறேன் என்றார், பாத்ரூம் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சாயங்காலம் ஆகிவிட்டால் பழைய வலி திரும்ப வந்துவிடும், மூன்று நாள் கஞ்சிதான். டாக்டருக்குப் போன் செய்தபோதுதான் புரிந்தது: சி.ஆர். மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க ஒரே சீராகக் கொடுக்கும், சாதா மாத்திரை சீக்கிரம் ஏறி சீக்கிரம் இறங்கிவிடும். சட்டென்று நிறுத்தவும் கூடாது என்றார். கடைசியில் என் சித்தப்பா மதுரையில் வாங்கி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். இதே மாத்திரையை வலிப்புக்குச் சாப்பிடுகிறவர் வீட்டில் இப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாலே பயமாக இருக்கிறது.

இதற்கு உங்கள் பதில்: "அதே மருந்து, அதே 200 மில்லிகிராம். பிரித்த அட்டையைத் திரும்ப எடுக்க மாட்டோம்." பணம் பெரிதில்லை, வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை மாற்றியது யார், யார் அனுமதித்தார் என்று எழுத்தில் வேண்டும். போனில் பேசிய டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும், 2020 மார்ச்சில் வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதலே அதைக் காட்டச் சொல்கிறது. கையிருப்பு இல்லையென்றால் முதல் நாளே இல்லை என்று சொல்லுங்கள், நான் பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொள்வேன்.

2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் இந்தப் புகார் கிடைத்தது என்று உங்கள் குறைதீர்ப்பு அலுவலர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த போன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குத்தான். ஆர்டர் விவரம், இரண்டு அட்டைகளின் படம், மதுரை டாக்டர் எழுதிய சீட்டு மூன்றையும் இணைத்திருக்கிறேன். சீட்டில் சி.ஆர். என்ற இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன்.