நேற்றைவிட ஒன்றே கால் கிலோ

அன்புள்ள குண்டூசி,

நாங்கள் எல்லோரும் நலம். உன் புது வேலை, பெரியவனின் பரீட்சை, மாடி வீட்டுக்காரியோடு நடக்கும் தண்ணீர்ச் சண்டை எல்லாவற்றையும் பற்றி நீ விரிவாக எழுத வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே விஷயம்தான். சிரிப்பாய். சிரித்துவிட்டு மேலே படி.

வெயிட் குறைக்கிறேன். ஆமாம், மறுபடியும். இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை, நீயும் தயவுசெய்து ரேடியோவிடம் மூச்சு விடாதே. போன முறை என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அளவாகச் சாப்பாடு, சாயங்காலம் நடை, நேரத்துக்குத் தூக்கம். அப்படி நல்ல பிள்ளையாக இருந்த ஒரு நாளுக்கு மறுநாள் காலை மெஷின் மேல் ஏறினால், நேற்றைவிட ஒன்றே கால் கிலோ கூட! இறங்கி மறுபடி ஏறினேன். மெஷினை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்து ஏறினேன். தோட்டைக் கழற்றிவிட்டு ஏறினேன். அது மசியவில்லை. அன்று வீட்டில் ஒருவருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மதியம் 'இனி எதற்கு இந்தப் பாடு' என்று என்னவெல்லாம் சாப்பிட்டேன் என்பதை எழுத மாட்டேன்.

கோபம் தணிந்தபின் கணக்குப் போட்டேன். என் கணக்கின் லட்சணம் உனக்குத் தெரியும், அதனால் இரண்டு முறை சரிபார்த்தேன். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால், உடம்புக்குத் தேவையானதைச் சாப்பிட்டு முடித்து, அதற்கு மேல் 7,700 சாப்பிட்டிருக்க வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நாளைக்கே சுமார் 2,000தான் தேவை. கிட்டத்தட்ட நான்கு நாள் சாப்பாட்டை ஒரே மூச்சில் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். ஹாஸ்டலில்கூட எனக்கு அந்தத் திறமை இருந்ததில்லை. உனக்கு இருந்தது. தின்றும் நீ குண்டூசியாகவே இருந்தாய் என்ற வயிற்றெரிச்சல் இன்னும் எனக்குத் தீரவில்லை.

அப்படியானால் அந்த ஒன்றே கால் கிலோ எது? பெரும்பாலும் தண்ணீர்தான். ஆஸ்பத்திரியில் ஏற்றும் உப்பு நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். உடம்பு தன் திரவத்தை ஏறக்குறைய அந்த உப்பளவில்தான் வைத்துக்கொள்ளப் பார்க்கும். ஒரு வேளை உப்புத் தூக்கலாக உள்ளே போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றும்வரை அதற்கு ஈடாகத் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவுச்சத்தும் இப்படித்தான். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேரும்போது, கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போய் உட்காரும். டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் சரசரவென்று வெயிட் இறங்குவதும், ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டதும் பாதி திரும்பி வருவதும் இதனால்தான். புதிதாக உடற்பயிற்சி செய்து தசை வலித்தால் அங்கேயும் நீர் கோக்கும். மலச்சிக்கல் வேறு. பீரியட்ஸ் வருமுன் உடம்பு கனப்பது உனக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும், ஆனால் மெஷினில் ஏறும்போது மட்டும் அது ஏன் மறந்துவிடுகிறது?

கைப்பையைத் தூக்கிப் பார்த்து உள்ளே எவ்வளவு பணம் என்று சொல்ல முடியுமா? மெஷின் செய்வது அதைத்தான்.

இதையெல்லாம்விட என்னை உட்கார வைத்தது இன்னொரு கணக்கு. தினம் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால், ஒரு நாளில் கரையும் கொழுப்பு சுமார் 65 கிராம். அறுபத்தைந்து கிராமடி! தண்ணீரோ ஒரு கிலோ, அதற்கும் மேல் என்று தினம் ஏறி இறங்குகிறது. இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தால் கரைவது 900 கிராம். ஒரு நாள் கோத்த நீர் அந்த இரண்டு வாரத்தையும் அப்படியே மூடி மறைத்துவிடும். எத்தனை பேர் அந்த ஒரு நாள் காலையில் டயட்டை விட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார். அன்று உண்மையில் குறைந்துதான் இருப்பார்கள்.

இதைத் தேடப் போய்த்தான் சாந்தோரியோ என்ற இத்தாலிய டாக்டரைக் கண்டுபிடித்தேன். நமக்கு ஏற்ற ஆள். தராசிலிருந்து தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பிட்டது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் ஏறக்குறைய 30 வருடம் நிறுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்! 1614இல் புத்தகமாகவும் போட்டார். உள்ளே போனதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமலே, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போய்விடுகிறது என்று கண்டார். கொழுப்பு எங்கே போகிறது என்பதற்கும் 2014இல் இரண்டு ஆஸ்திரேலியர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. வியர்வையில் கொழுப்பு உருகிப் போகிறது என்று என்னை வெயிலில் ஓட விட்டாளே ரேடியோ, அவளுக்கு இதை மட்டும் வேண்டுமானால் சொல்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, எதுவும் சாப்பிடுமுன், கெட்டியான தரையில் மெஷினை வைத்து ஏறுகிறேன். நம்பரை எழுதிவிட்டு மறந்துவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை ஏழு நாள் நம்பரையும் கூட்டிச் சராசரி பார்க்கிறேன், இந்த வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுகிறேன். பீரியட்ஸ் சமயத்து வாரத்தைப் போன மாதத்து அதே வாரத்தோடு. மெஷின் காட்டும் கொழுப்புச் சதவிகிதத்தைப் பார்ப்பதே இல்லை. காலில் லேசாக மின்சாரத்தைச் செலுத்தி அது போடும் கணக்கும் தண்ணீரைப் பொறுத்து மாறும். மறந்துவிட வேண்டும் என்று சுலபமாக எழுதிவிட்டேன், மறக்கவா முடிகிறது? கணக்குத் தெரிந்த மூளை ஒரு பக்கம், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனசு இன்னொரு பக்கம்.

சின்னவள் அன்றைக்கு நான் மெஷினிலிருந்து இறங்கியதும் கேட்டாள், "அம்மா, இன்னைக்கு நல்ல நாளா, கெட்ட நாளா?" என் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவளும் ஒரு நாள் ஏறி நின்று உதட்டைப் பிதுக்குவாளோ என்ற பயத்தில் மெஷினை என் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். அவள் வயதில் நாம் பட்டது போதாதா?

இன்னொன்று. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அம்மாவுக்கு இதயத்துக்கு மாத்திரை நடக்கிறது, சாயங்காலம் கால் வீங்குகிறது என்று போன மாதம் சொன்னாய். நமக்கு ஒரே நாளில் ஏறும் கிலோவைச் சிரித்துத் தள்ளலாம், அவர்களுக்கு அப்படியில்லை. இதயம் பலவீனமானவர்களுக்கு மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர்களைத் தினம் காலையில் நிற்க வைத்து எழுது. உன் வீட்டு மெஷின் பழுது என்றால் என்னுடையதை அனுப்பி வைக்கிறேன். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றாலோ, தலையணை இரண்டாக வேண்டும் என்று கேட்டாலோ, காலை வரை பொறுக்காதே.

அவர்களிடம் கேட்டுவிட்டு இன்றே போன் பண்ணு. எந்நேரமானாலும் எடுப்பேன்.

உன்,
பூசணி